ஸ்பானியத்தில் பெயராகவும் வினையாகவும் நிற்கும் சொல்: பள்ளித் தமிழ் இலக்கணமே கைகொடுக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் பிரெஞ்சுச் சொற்களோடு இப்போது ஸ்பானியச் சொற்களும் வருவது மகிழ்ச்சி தருகிறது. புதுச்சேரிக்கு அயல்மொழிப் படிப்பு புதிதல்ல. லிசே பிரான்சே என்ற பிரெஞ்சுப் பள்ளி 1826 முதல் இங்கே இருக்கிறது. ஸ்பானியம் 20 நாடுகளில் ஆட்சிமொழி. அதை எடுத்துப் படிக்கும் பிள்ளைகளுக்கு நல்ல வாய்ப்புகள் உண்டு. ஆனால் ஒரு சொல், அதற்கு எதிரே ஒரு பொருள் என்று பட்டியல் போடும் முறையில் ஒரு பெரிய குறை இருக்கிறது. வகுப்புகளில் கொடுக்கப்படும் பல கையேடுகளிலும் இதே குறைதான். அதைச் சரிசெய்ய அதிக இடமோ செலவோ தேவையில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

‘த்ரபாஹொ – வேலை’, ‘குவேன்த்தொ – கதை’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். தவறில்லை, ஆனால் பாதிதான் வந்திருக்கிறது. முதல் சொல்லுக்கு ‘நான் வேலை செய்கிறேன்’ என்றும் பொருள். இரண்டாவதற்கு ‘நான் சொல்கிறேன்’, ‘நான் எண்ணுகிறேன்’ என்றும் பொருள். பெயரும் வினையும் ஓர் எழுத்துகூட மாறாமல் நிற்கின்றன. இப்படிப்பட்டவை அரிய சொற்களல்ல. வீடு, சாப்பாடு, வேலை, உதவி, கேள்வி, குளியல் என்று முதல் மாதத்திலேயே வந்து விழும் சொற்கள். அகராதியைப் புரட்டினாலும் ‘குவேன்த்தொ’ என்ற தலைப்பில் பெயர்ச்சொல் மட்டுமே இருக்கும். வினை வேண்டுமென்றால் ‘கொன்த்தார்’ என்ற மூல வடிவில் தேட வேண்டும். இது தெரியாத மாணவர் அந்தச் சொல்லைப் பெயர் என்றே முடிவு கட்டிவிடுகிறார்.

மேற்கொண்டு சொல்வதற்கு முன், சொற்களை எழுதியிருக்கும் முறையைப் பற்றி ஒரு விளக்கம். ஸ்பானியத்தில் எந்த அசையை அழுத்திச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்துப் பொருளே மாறும். தமிழ் எழுத்தில் எ, ஒ இரண்டுக்கும் குறிலும் நெடிலும் தனித்தனியே இருப்பதால் அந்த அழுத்தத்தை நம்மால் காட்ட முடிகிறது. இந்தியில் அந்த வசதி இல்லை. எனவே அழுத்தம் விழும் அசைக்கு நெடில், மற்றவற்றுக்குக் குறில் என்று எழுதியிருக்கிறேன். ஸ்பானிய உயிரொலி நம் நெடில் அளவுக்கு நீளாது. நீட்டத்தைவிட அழுத்தமே முக்கியம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே க, த, ப என்று ஒற்றையாக எழுதியிருக்கும் g, d, b ஒலிகள் மூன்றும் இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும்போது ஸ்பானியத்திலும் தமிழில் போலவே மெலிந்து ஒலிக்கும். மேலே நெளிகோடு போட்ட அந்த ‘என்’ எழுத்து நம் ‘ஞ’வேதான். ஆங்கில வழியில் கற்பவர்கள் திணறும் ஒலிகளில் பாதி நம் பிள்ளைகளின் நாக்கில் ஏற்கெனவே இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரே சொல் பெயராகவும் வினையாகவும் இருப்பது தமிழனுக்கு அதிசயமே இல்லை. படி, அடி, கட்டு, வெட்டு, தட்டு, பூட்டு, சுற்று என்று அடுக்கிக்கொண்டே போகலாம். பெரிய மார்க்கெட்டில் ‘அந்தக் கீரைக்கட்டை இறுக்கிக் கட்டு’ என்றால் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. முதல் ‘கட்டு’ வேற்றுமை உருபை ஏற்றிருக்கிறது, இரண்டாவது ஏற்கவில்லை. வினை வேற்றுமை கொள்ளாது, காலத்தோடு தோன்றும் என்று தொல்காப்பியம் சொல்வதைப் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் ஏதோ ஒரு வடிவில் படித்திருப்பார்கள். ஸ்பானியத்துக்கும் இந்தச் சோதனை அப்படியே பொருந்துகிறது.

காலச் சோதனையை இப்படிச் செய்யலாம். ‘ஓய் த்ரபாஹொ’ என்றால் இன்று வேலை செய்கிறேன். ‘ஓய்’ என்பதை எடுத்துவிட்டு, நேற்று என்று பொருள்படும் ‘அயேர்’ போடுங்கள். வாக்கியம் ‘அயேர் த்ரபஹே’ என்று ஆகிறது. சொல் மாறிவிட்டது, ஆகவே வினை. ‘ஓய் தேங்கொ த்ரபாஹொ’ என்றால் இன்று எனக்கு வேலை இருக்கிறது. நேற்றைக்கு மாற்றினால் ‘அயேர் தூவெ த்ரபாஹொ’. இங்கே ‘தேங்கொ’தான் ‘தூவெ’ ஆனது, ‘த்ரபாஹொ’ அசையவில்லை. ஆகவே பெயர்.

வேற்றுமைச் சோதனை இன்னும் எளிது. நாம் சொல்லுக்குப் பின்னால் ஒட்டும் உருபின் வேலையை ஸ்பானியத்தில் முன்னால் நிற்கும் சிறு சொல் செய்கிறது. ‘தெ’, ‘கொன்’, ‘ஸின்’, ‘பார’ போன்ற இந்த முன்னிடைச் சொற்களை அடுத்து வினைமுற்று வரவே வராது. வந்தால் பெயர் வரும், இல்லாவிட்டால் மூல வடிவ வினை வரும். ‘ஸின் த்ரபாஹொ’ என்றால் வேலையில்லாமல், ‘ஸின் த்ரபஹார்’ என்றால் வேலை செய்யாமல். ஆங்கிலம் வழியாக வருபவர்கள் இரண்டாவதற்கு ‘ஸின் த்ரபஹாந்தொ’ என்று எழுதிவிடுகிறார்கள். அது பிழை.

நம் பிள்ளைகள் தடுமாறும் இடம் வேறு. தமிழில் பயனிலை வாக்கியத்தின் கடைசியில் நிற்கும். கண் தானாகவே கடைசிச் சொல்லுக்குப் போய் அதை வினையாக எடுத்துக்கொள்ளும். ‘மஞான நோ தேங்கொ த்ரபாஹொ’ என்ற வாக்கியத்தைக் கொடுத்தால் ‘நாளை நான் வேலை செய்யவில்லை’ என்று எழுதுகிறார்கள். ‘நாளை எனக்கு வேலை இல்லை’ என்பதே சரி. ஸ்பானியத்தில் வினைமுற்று பெரும்பாலும் நடுவில் இருக்கும். ‘தேங்கொ’ என்ற வினைமுற்று ஏற்கெனவே இருப்பதால் ‘த்ரபாஹொ’ பெயராகத்தான் இருக்க வேண்டும். முதலில் வினைமுற்றைத் தேடி அடிக்கோடிடுவது, பிறகு பொருள் எழுதுவது என்று பழக்கினால் இந்தப் பிழை நின்றுவிடும்.

‘மூச்சொ’ என்ற சொல்லும் நல்ல அடையாளம். ‘மூச்சொ த்ரபாஹொ’ என்றால் நிறைய வேலை, ‘த்ரபாஹொ மூச்சொ’ என்றால் நிறைய வேலை செய்கிறேன். ஸ்பானியத்தில் அஃறிணைப் பெயருக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு; பெண்பால் பெயரில் வேறுபாடு இன்னும் பளிச்சென்று தெரியும். உதவி என்ற ‘அயூத’ பெண்பால் என்பதால் நிறைய உதவி என்பது ‘மூச்ச அயூத’ ஆகும். ‘நிறைய உதவுகிறார்’ என்னும்போது ‘அயூத மூச்சொ’தான்; அங்கே ‘மூச்ச’ வராது. பெயருக்கு அடையாக வருவது பால் காட்டும், வினைக்கு அடையாக வருவது காட்டாது.

இந்தச் சொற்களில் இரண்டு குடும்பங்கள் உண்டு. கையேடுகள் இரண்டையும் கலந்துவிடுவதால் தனித்தனியே சொல்கிறேன்.

வினையின் மூல வடிவமே பெயராகி நிற்பது ஒரு குடும்பம். ‘பொதேர்’ என்றால் இயலுதல், அதுவே அதிகாரம். ‘தெபேர்’ என்றால் கடன்படுதல், கடமை. ‘ஸபேர்’ என்றால் அறிதல், அறிவு. ‘பெஸார்’ என்றால் எடை இருத்தல், மனத்துயர். நம் தொழிற்பெயரும் இப்படித்தான். இவை எல்லாமே ஆண்பால், முன்னால் ‘எல்’ வரும். எந்த மூல வடிவத்துக்கும் ‘எல்’ சேர்க்கலாம். ஆனால் நிலைத்த பெயராகிவிட்டதா என்று பார்க்கப் பன்மை ஆக்கிப் பாருங்கள். தமிழில் பாடல்கள் என்கிறோம், ஓடுதல்கள் என்று சொல்வதில்லை. அதுபோல ‘லொஸ் தெபேரெஸ்’ உண்டு. ஸ்பெயினில் வீட்டுப்பாடத்துக்கு அதுதான் பெயர். பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தைத் ‘துவார்’ என்பதும் அதே கதைதான். அங்கேயும் அது வினையின் மூல வடிவம். ‘புவார்’, ‘ஸவார்’, ‘தினே’, ‘தேழுனே’ எல்லாம் அப்படியே பெயரும் வினையுமாக இருப்பதால், பிரெஞ்சு தெரிந்தவருக்கு இந்தக் குடும்பத்தில் சிரமமே இருக்காது.

இதில் ‘அமனெஸேர்’ என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெயரானால் விடியல். வினையானால் விடிதல். தமிழில் பொழுதுதான் விடியும். ஸ்பானியத்தில் மனிதரும் ‘விடியலாம்’: ‘அமனெஸீ கொன் ஃபியேப்ரெ’ என்றால் காலையில் எழும்போதே எனக்குக் காய்ச்சல் இருந்தது.

மற்றக் குடும்பம் வினைமுற்றும் பெயரும் ஒன்றாகத் தெரிவது. இங்கே ஓர் ஒழுங்கு உண்டு. பெயர் ‘ஒ’வில் முடிந்தால் அது ‘நான்’ வடிவத்தோடு ஒத்துப்போகும்: ‘கமீனொ’ பாதை, நடக்கிறேன்; ‘ரெகாலொ’ பரிசு, பரிசளிக்கிறேன்; ‘பாகொ’ கட்டணம், கட்டுகிறேன். பெயர் ‘அ’வில் முடிந்தால் ‘அவர்’ வடிவத்தோடு ஒத்துப்போகும்: ‘கொஸீன’ சமையலறை, சமைக்கிறார், ‘ப்ரெகூன்த்த’ கேள்வி, கேட்கிறார், ‘ஸேன’ இரவு உணவு, இரவு உணவு உண்கிறார். ‘நீ சமை’, ‘நீ கேள்’ என்ற ஏவலும் இதே வடிவம்தான்.

இதில் மிகவும் சிக்கலானது ‘ல’ என்ற சிறு சொல். பெயருக்கு முன் வரும் பெண்பால் குறியும் அதுதான், ‘அதை’ என்று பொருள்படும் பதிலியும் அதுதான். ‘ல கொஸீன ஏஸ் க்ராந்தெ’ என்றால் சமையலறை பெரியது. ‘ல கொஸீன ப்யேன்’ என்றால் அதை நன்றாகச் சமைக்கிறார். முன்னால் ‘ல’ இருந்தால் பெயர் என்று மனப்பாடம் செய்தவர் இரண்டாவது வாக்கியத்தில் மாட்டிக்கொள்கிறார். முதல் வாக்கியத்தில் ‘ஏஸ்’ என்ற வினைமுற்று தனியாக இருக்கிறது, இரண்டாவதில் வேறு வினைமுற்றே இல்லை. தீர்ப்பு அதில்தான் இருக்கிறது. பிரெஞ்சில் எழுவாயைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதால் இந்தக் குழப்பம் எழுவதில்லை. ஸ்பானியத்தில் தமிழைப் போலவே எழுவாய் தேவையில்லை. வினையின் விகுதியே ஆளைச் சொல்லிவிடும்.

‘மி அயூத’, ‘மெ அயூத’ என்ற இணையையும் பட்டியலில் சேர்க்கலாம். முதலாவது என் உதவி, இரண்டாவது எனக்கு உதவுகிறார். ‘மெ’ என்பதை ஆங்கிலப் பழக்கத்தில் ‘மீ’ என்று வாசித்தால் வினை பெயராகிவிடும்.

அழுத்தத்துக்கு வருகிறேன். ‘பாகொ’ என்றால் கட்டுகிறேன் அல்லது கட்டணம். ‘பகோ’ என்றால் அவர் கட்டினார். ‘கமீனொ’ என்றால் பாதை அல்லது நடக்கிறேன், ‘கமினோ’ என்றால் அவர் நடந்தார். கடைசி எழுத்தின் மேல் ஒரு சாய்கோடு, அவ்வளவுதான் எழுத்தில் வேறுபாடு. பிரெஞ்சு நன்றாகத் தெரிந்த புதுச்சேரிப் பிள்ளைகள்தான் இங்கே அதிகம் தவறுகிறார்கள். பிரெஞ்சில் அழுத்தம் எப்போதும் கடைசியில் விழுவதால் ‘பாகொ’வையும் ‘பகோ’ என்றே சொல்லிவிடுகிறார்கள். ‘நான் பணம் கட்டுகிறேன்’ என்று சொல்ல வந்தவர் ‘அவர் கட்டிவிட்டார்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார். விதி எளிது. உயிரெழுத்திலோ ‘ன்’, ‘ஸ்’ எழுத்துகளிலோ முடியும் சொல்லுக்குக் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம். வேறு மெய்யில் முடிந்தால் கடைசி அசையில். இவற்றுக்கு மாறாக வந்தால் சாய்கோடு போட்டே ஆக வேண்டும். இதைப் பழக ‘தேர்மினொ’, ‘தெர்மீனொ’, ‘தெர்மினோ’ மூன்றையும் சொல்லிப் பார்க்கச் சொல்லலாம்: முடிவு அல்லது கலைச்சொல், முடிக்கிறேன், முடித்தார்.

‘ஒ’வின் தலையில் சாய்கோடு இருந்தால் அது பெரும்பாலும் இறந்தகால வினை. விலக்கு உண்டு: ‘தொமினோ’ ஆதிக்கம் செலுத்தினார் என்ற வினையும் ஆகும், விளையாட்டின் பெயரும் ஆகும். மறுபுறம், வந்தார் என்ற ‘வீனொ’ ஒழுங்கற்ற வினை என்பதால் அதற்குச் சாய்கோடே கிடையாது. அதே எழுத்தில் திராட்சை மதுவும் இருக்கிறது. இவை வேர்களே வேறாகி எதேச்சையாக ஒன்றுபோல் ஆனவை. ‘நாத’ (ஒன்றுமில்லை, நீந்துகிறார்) என்பதையும் இந்தக் கணக்கில் வைத்துத் தனியே மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

இனி ‘குவேன்த்தொ’. இதன் மூல வடிவம் ‘கொன்த்தார்’. கணக்கிடுதல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது; கம்ப்யூட்டர் என்ற சொல்லுக்கும் அதுவே வேர். எண்ணுதலும் கதை சொல்லுதலும் ஸ்பானியத்தில் ஒரே வினை. பிரெஞ்சு இதே வேரை இரண்டு எழுத்துக்கூட்டலாகப் பிரித்துக்கொண்டது. எண்ணுவதற்கு ஒன்று, கதை சொல்வதற்கு ஒன்று, வாயில் மட்டும் இரண்டும் ‘கோன்த்தே’. தமிழிலும் ‘எண்ணு’ என்பது ஒரு பக்கம் கணக்கு, மறுபக்கம் நினைப்பு. பெண்பால் ‘குவேன்த்த’ பெயரானால் கணக்கு, உணவக ரசீது, ஜெபமாலை மணி. வினையானால் எண்ணுகிறார், சொல்கிறார். பக்கத்தில் ‘கொன்’ சேர்ந்தால் இன்னொரு பொருள்: ‘குவேன்த்தொ கொன் ...’ என்றால் இன்னாரை நம்பியிருக்கிறேன். ‘குவேன்த்தொ – கதை’ என்ற ஒற்றை வரியில் இவ்வளவும் விடுபட்டுப்போகின்றன.

இந்தச் சொல்லில் வடிவ மாற்றமும் உண்டு. அழுத்தம் விழும்போது ‘ஒ’ என்பது ‘உவே’ ஆகிறது, அழுத்தம் நகர்ந்தால் பழையபடி ‘ஒ’. ஆகவே எண்ணுகிறேன் ‘குவேன்த்தொ’, எண்ணுகிறோம் ‘கொன்த்தாமொஸ்’. மதிய உணவு என்ற ‘அல்முவேர்ஸொ’வுக்கு மூலம் ‘அல்மொர்ஸார்’. கனவு என்ற ‘ஸுவேஞொ’வுக்கு மூலம் ‘ஸொஞார்’. விளையாட்டு என்ற ‘ஹுவேகொ’வுக்கு மட்டும் ‘ஹுகார்’. பெயரை முதலில் கற்றவர் அதிலிருந்து ‘குவென்த்தார்’, ‘அல்முவெர்ஸார்’ என்று வினையை உருவாக்கிவிடுகிறார். அகராதியில் கிடைப்பதில்லை, ‘இணையத்திலும் இல்லை’ என்று விட்டுவிடுகிறார். பெயரின் நடுவில் ‘உவே’ இருந்தால் ‘ஒ’ போட்டுத் தேடுங்கள், ‘இயே’ இருந்தால் ‘எ’ போட்டுத் தேடுங்கள் என்று ஒரு வரி அச்சிட்டாலே போதும்.

தமிழ் நமக்கு இடைஞ்சலாக வரும் ஓர் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். நாம் பெயரோடு ‘செய்’, ‘பண்ணு’ சேர்த்து வினை ஆக்குகிறோம்: உதவி செய், சமையல் செய், வேலை பண்ணு. இதை அப்படியே கொண்டுபோய் ‘ஆகொ அயூத’, ‘ஆகொ த்ரபாஹொ’ என்கிறார்கள். ‘ஆகொ’ என்றால் செய்கிறேன். தேவையில்லை, ‘அயூதொ’, ‘த்ரபாஹொ’ என்ற ஒற்றைச் சொல்லே போதும். ‘தெஸயூனொ இட்லி’ என்றால் காலையில் இட்லி சாப்பிடுகிறேன் என்று முழு வாக்கியம் முடிந்துவிட்டது. சாப்பிடு என்று தனி வினை வேண்டாம். ஆனால் கேள்வி மட்டும் எதிர்த்திசையில் போகும். ‘கேள்வி கேட்கிறேன்’ என்பதற்கு ‘ஆகொ ஊன ப்ரெகூன்த்த’ என்பதே வழக்கு. நம் வழக்கப்படி ‘ப்ரெகூன்த்தொ ஊன ப்ரெகூன்த்த’ என்றால் காதுக்கு ஒட்டாது. ‘பாஞொ’ இன்னொன்று. பெயரானால் குளியலறை. ‘மெ பாஞொ’ என்றால் நான் குளிக்கிறேன். ‘மெ’ இல்லாமல் வந்தால் வேறு யாரையோ குளிப்பாட்டுகிறேன். குளி, குளிப்பாட்டு என்ற நம் தன்வினை, பிறவினை வேறுபாட்டைச் சொன்னால் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

அகராதிக் குறிகளும் அப்படித்தான். ‘எம்’ எழுத்து ஆண்பால் பெயர், ‘எஃப்’ எழுத்து பெண்பால் பெயர். ‘டி ஆர்’ என்ற சுருக்கம் செயப்படுபொருள் குன்றா வினை, அதற்கு முன்னால் ‘ஐ என்’ சேர்ந்தால் குன்றிய வினை. ‘பொதேர்’, ‘தெபேர்’ போன்றவற்றுக்கு மேலே சிறிதாக 1, 2 என்று போட்டு வினையையும் பெயரையும் தனித்தனியே தந்திருப்பார்கள். இரண்டையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

ஆகவே தங்களுக்கு என் வேண்டுகோள்: நாளுக்குப் பத்துச் சொல் அச்சிடுவதற்குப் பதிலாக வாரத்துக்கு ஐந்து போதும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. பெயர் வரியில் ‘எல்’ அல்லது ‘ல’ சேர்த்து ஒருமையும் பன்மையும். வினை வரியில் மூல வடிவம், நான், நாங்கள், நேற்று அவர். கீழே பெயராக ஒரு வாக்கியம், வினையாக ஒரு வாக்கியம். மாதிரிக்கு: ‘எல் குவேன்த்தொ, லொஸ் குவேன்த்தொஸ்: கதை, கதைகள். கொன்த்தார், குவேன்த்தொ, கொன்த்தாமொஸ், கொன்த்தோ: சொல்ல அல்லது எண்ண, சொல்கிறேன், சொல்கிறோம், சொன்னார்.’ இதை மாணவர்கள் நோட்டின் ஒரு பக்கத்தை இரண்டாக மடித்து, இடப்பக்கம் பெயரும் வலப்பக்கம் வினையுமாக எழுதி, ஒரு பக்கத்தை மறைத்துக்கொண்டு மறுபக்கத்தைச் சொல்லிப் பார்க்கலாம். வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனத்துக்குள் வாசித்தால் அழுத்தம் பதியாது.

அச்சுக்கோப்பில் சாய்கோடும் நெளிகோடும் உதிர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நெளிகோடு விழுந்துபோனால் கனவு காண்கிறேன் என்ற ‘ஸுவேஞொ’, ஒலிக்கிறேன் என்ற ‘ஸுவேனொ’ ஆகிவிடும். விண்டோஸ் கணினியில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு வலப்பக்க எண் விசைகளில் 0243 தட்டினால் சாய்கோடிட்ட ‘ஒ’ வரும்; ‘அ’வுக்கு 0225, ‘எ’வுக்கு 0233, ‘இ’க்கு 0237, ‘உ’வுக்கு 0250, ‘ஞ’வுக்கு 0241. செல்பேசியில் அந்தந்த எழுத்தை விரலை எடுக்காமல் அழுத்தினால் போதும்.

இப்படிக்கு,
ஸ்பானிய மொழி ஆசிரியர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.